ரயில் நின்ற தடம் யாருக்கு?

தட்டாஞ்சாவடிச் சாலையில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்ப நாம் அஞ்சுகிறோம். பாதுகாப்பான தனிப்பாதைக்கு இடம் எங்கே என்று கேட்போருக்கு சிங்கப்பூரில் ஒரு பதில் இருக்கிறது.

அங்கே தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த மலேசிய ரயில் 2011 ஜூன் 30-உடன் நின்றது. அந்தத் தடத்தைப் பசுமைப் பாதையாகக் காக்க வேண்டும் என இயற்கை ஆர்வலர்கள் 2010-லேயே கோரியிருந்தனர். அரசும் செவிசாய்த்தது. இன்று சுமார் 24 கி.மீ. தடம் நடைக்கும் சைக்கிளுக்கும் உரியது.

நம் காரைக்காலில் பேரளம் பாதை 1980களில் மூடப்பட்டு, பல்லாண்டுகளுக்குப் பின்னரே அகலப் பாதையாக மீண்டும் போடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதை நடைபாதையாக்கியிருந்தால் ஒரு தலைமுறை பயன்பெற்றிருக்கும். மக்கள் நடமாடும் இடத்தில் ஆக்கிரமிப்பும் எளிதில் நுழையாது. ரயில் திரும்பவும் இடமிருக்கும்.

மூடப்பட்ட தடம் பொதுச் சொத்து. அது கைமாறும் முன்பே நாம் கேட்க வேண்டும்.