பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போன அப்பா

உலகம் சுற்றுகிறவர்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு எண்ணம் உண்டு. ஒன்று, கல்யாணமே ஆகாதவராக இருப்பார். இல்லையென்றால் குடும்பத்தை மறந்தவராக இருப்பார். "பிள்ளை குட்டி வந்தப்புறம் இதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது.

டூகல் ராபர்ட்சன் இந்த இரண்டு வகையிலும் சேராத மனிதர். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அவர் கிளம்பவில்லை. கூடவே கூட்டிக்கொண்டு போனார். நடுக்கடலில் கப்பல் மூழ்கியது. 38 நாள் கழித்து அத்தனை பேரும் உயிரோடு மீண்டார்கள்.

இவர் நல்ல அப்பாவா, பொறுப்பில்லாத அப்பாவா? கதையைத் தெரிந்துகொண்டு பேசலாம்.

ராபர்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவர். பிறகு கடலை விட்டுவிட்டு இங்கிலாந்தில் மாட்டுப்பண்ணை நடத்தினார். மனைவி லின் பயிற்சி பெற்ற நர்ஸ். நாலு பிள்ளைகள்: டக்ளஸ், ஆன், இரட்டையர்களான நீல், சாண்டி. பண்ணையில் உழைப்பு அதிகம், வருமானம் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவில் உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டி பற்றிய செய்தி. அதைக் கேட்ட நீல், அப்பாதான் கப்பல்காரர் ஆயிற்றே, நாமும் உலகம் சுற்றினால் என்ன என்று கேட்டான். மற்ற வீடுகளில் இதற்குச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ராபர்ட்சன் பண்ணையை விற்றார். 1922-ல் கட்டப்பட்ட 'லூசெட்' என்ற மரத்தாலான பாய்மரக் கப்பலை வாங்கினார். 1971 ஜனவரி 27 அன்று ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து குடும்பமே கிளம்பியது.

அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். பஹாமாஸ் வந்ததும் மகள் ஆன், தான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிப் பயணத்திலிருந்து விலகினார். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் "என் கனவு, நீ வந்துதான் ஆகணும்" என்று மகளை இழுத்துப் போகாத அப்பா அவர் என்பது இதில் தெரிகிறது. பனாமாவில் 22 வயது இளைஞர் ஒருவர் சேர்ந்துகொண்டார். ஆக கப்பலில் ஆறு பேர்.

1972 ஜூன் 15. காலபகோஸ் தீவுகளிலிருந்து மேற்கே சுமார் 200 மைல் தூரத்தில் கொலைத் திமிங்கிலங்கள் வந்து மோதின. அடிப்பலகை உடைந்து, சில நிமிடங்களில் லூசெட் மூழ்கிப்போனது. மிச்சம் இருந்தவை காற்றடைத்த ஒரு மிதவை, 'எட்னமேர்' என்ற சின்னப் படகு, சில நாளைக்கு மட்டுமே போதுமான உணவும் தண்ணீரும்.

இங்கேதான் ராபர்ட்சன் யார் என்று தெரிகிறது. பக்கத்து நிலம் காலபகோஸ். யாராக இருந்தாலும் அங்கே திரும்பத்தான் பார்ப்பார்கள். ஆனால் காற்றும் நீரோட்டமும் எதிர்த்திசை. அந்தச் சின்னப் படகை வைத்துக்கொண்டு எதிர்த்துப் போகவே முடியாது. அதனால் வடக்கே, நிலநடுக்கோட்டை ஒட்டி மழை அதிகம் பெய்யும் பகுதியை நோக்கிப் போக முடிவெடுத்தார். நிலத்தை விட முதலில் தண்ணீர் வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்குதான் ஆறு பேரையும் காப்பாற்றியது.

முதல் வாரத்திலேயே ஒரு கப்பல் கண்ணில் பட்டது. தீச்சுடர் ஏற்றிக் காட்டியும் அது பார்க்காமல் போய்விட்டது. அதன் பிறகு யாரோ வந்து காப்பாற்றுவார்கள் என்ற நினைப்பையே விட்டுவிட்டு, கடலை வைத்தே பிழைப்பது என்று இறங்கினார். ஆமைகளைப் பிடித்து ரத்தத்தைக் குடித்தார்கள், இறைச்சியை வெயிலில் உலர்த்தினார்கள். மிதவை மூன்று வாரம் கூடத் தாங்கவில்லை. மீதி நாட்கள் ஆறு பேரும் மூன்று மீட்டர் கூட வராத எட்னமேரில். ஒருவர் அசைந்தால் எல்லோருக்கும் ஆபத்து. தண்ணீர் மிகவும் குறைந்தபோது பெரியவர்கள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு இரட்டையர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

லின்னைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். ஆமை ரத்தம் கலந்து குடிக்க முடியாமல் போன தண்ணீரை எனிமாவாகக் கொடுத்து உடம்பில் ஏற்றியது அவருடைய யோசனை. ஜூலை 23 அன்று 'டோக்கா மாரு' என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கண்டது.

சரி, இப்போது வாதத்துக்கு வருவோம். அவரைக் குறை சொல்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பெரியவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்கலாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுடைய உயிரை யார் வைப்பது? "அவனாகத்தான் ஆசைப்பட்டான்" என்பது பதிலாகாது. அந்த வயதுப் பையனுக்குக் கடலின் ரிஸ்க் என்ன தெரியும்? எல்லோரும் பிழைத்தார்கள் என்பதற்காக எடுத்த முடிவு சரியாகிவிடாது. லாபம் வந்துவிட்டது என்பதற்காக மோசமான முதலீட்டை யாரும் நல்ல முதலீடு என்று சொல்வதில்லையே.

ஆனாலும் ராபர்ட்சனை நல்ல அப்பா என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. காரணம் அந்தப் பயணம் இல்லை, அது முறிந்த பிறகு அவர் நடந்துகொண்ட விதம். தன் முடிவால் வந்த கஷ்டத்தைப் பிள்ளைகள் தலையில் போடவில்லை. விதி என்று உட்காரவுமில்லை. ஒவ்வொரு நாளும் தண்ணீர் எவ்வளவு, இறைச்சி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார். எத்தனையோ வீடுகளில் அப்பா எடுத்த முடிவு தவறினால் முதலில் கிளம்புவது கோபம், அடுத்தது மௌனம். அந்த மூன்று மீட்டர் படகில் இரண்டுக்கும் இடம் கிடையாது.

கரைக்கு வந்த பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1973-ல் நடந்ததைப் புத்தகமாக எழுதினார். அடுத்து, கடலில் தப்பிப் பிழைப்பது எப்படி என்று ஒரு கையேடும் எழுதினார். 1982-ல் அட்லாண்டிக்கில் படகு மூழ்கி 76 நாள் மிதவையில் தனியாகத் தத்தளித்த ஸ்டீவன் கல்லஹன் கையில் இருந்தது அந்தக் கையேடுதான். தன் பிள்ளைகளுக்காகக் கற்றுக்கொண்டது முகம் தெரியாத இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் உதவியது.

ராபர்ட்சன் 1991-ல் இறந்தார். அவர் செய்தது போல எல்லோரும் பண்ணையை விற்றுவிட்டுக் கடலுக்குப் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போக நிறையத் துணிச்சல் போதும். நடுக்கடலில் தன் பங்குத் தண்ணீரை அவர்களுக்குக் கொடுப்பதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. அவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான்.