செம்புக் குண்டின் மேல் பழி போடாதீர்கள்

"செம்புக் குண்டு நேராகப் போகாது, பச்சைக் கட்சிக்காரர்கள் நம் தலையில் கட்டிய சரக்கு அது" என்று பிரான்சில் குடியேறிய நம் சொல்தா குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் சித்தப்பா மகனும் அந்தக் கட்சிதான். ராணுவத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, சொலோஞ் காட்டோரம் வீடு கட்டியவன். காட்டுப்பன்றி வேட்டைக்குத் தன் தோட்டாவைத் தன் கையாலேயே கட்டுகிறவன். நம் நாட்டில் 1972 சட்டத்தோடு வேட்டை முடிந்துபோயிற்று. அங்கே பெர்மி வாங்கியவனுக்கு அது உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. செம்பின் மேல் போடும் பழியில்தான் வழக்கு.

காரீயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். செம்பு ஒன்பதுக்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். நீளக் குண்டு நிலையாகச் சுழல, துப்பாக்கிக் குழலின் உள்முறுக்கு நெருக்கமாக இருக்கவேண்டும். கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. தம்பி என்ன செய்தான்? 11.7 கிராம் ஈயத்தை எடுத்துவிட்டு 11.7 கிராம் செம்பை வைத்தான். பழைய மருந்து அளவு, பழைய நீளம். பழைய கோப்பில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் எந்த மேலதிகாரி கையெழுத்துப் போடுவார்? இது ஆபத்தும்கூட. குண்டு மாறினால் குழலுக்குள் அழுத்தமும் மாறும்.

போன வருடம் அங்கே மூன்று மாதம் இருந்தேன். அவன் மேசையில் தோட்டா கட்ட, ரெஜிஸ்தர் எழுதியது நான். முப்பத்தைந்து வருடம் அதைத்தானே செய்தேன்! முதலில் குழலில் ஒட்டியிருந்த பழைய படிவத்தைச் சுத்தமாகத் துடைத்தோம். குண்டை 9.7 கிராமுக்கு இறக்கினோம். பள்ளம் வெட்டிய உடம்புள்ள செம்புக் குண்டு. அந்தப் பள்ளங்கள் அழுத்தத்தைக் குறைக்க வைத்தவை. மருந்து அளவுக்குக் குண்டு செய்தவர்களின் அட்டவணையையே பிடித்துக்கொண்டு, அதன் கீழ் எல்லையிலிருந்து ஆரம்பித்தோம். குண்டின் மூக்கு முறுக்கு வரிகளைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி நிறுத்தினோம். ஈயத்துக்கு ஒட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இதுதான் மனசு ஒப்பாது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று எப்படித் தெரியும்? கடைசியில் நூறு மீட்டரில் மூன்று சூடும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்தன. அதற்கு முன் உள்ளங்கை அகலம். துப்பாக்கி அதேதான்.

விலை அதிகம், உண்மை. வேகம் ரொம்பக் குறைந்த தூரத்தில் செம்பு சரியாக மலராது, அதுவும் உண்மை. ஆனால் பத்தூவில் பன்றியை நூறு மீட்டருக்குள் சுடுகிறவனுக்கு அந்தக் கவலை எதற்கு?

இவ்வளவு ஏன் மெனக்கெட வேண்டும் என்கிறீர்களா? ஈயக் குண்டு உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறும். எக்ஸ்ரே எடுத்தால் காயத்துக்கு வெகுதூரத்திலும் தூவிவிட்டதுபோல் தெரியும். கத்தியால் அதை வெட்டி எறிந்துவிட முடியாது. நம் ஈயச்சொம்பு ரசத்தை நினைத்துத் தைரியமாக இருக்காதீர்கள். அது வெள்ளீயம், இது காரீயம். பிரெஞ்சில் ஈய விஷத்துக்கு 'சத்துர்னிஸ்ம்' என்று பேர், அதாவது சனி பிடித்தல். பிரான்சின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ், 2018-லேயே பெரிய வேட்டை இறைச்சியை வருடம் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம் என்றது. குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் தொடவே வேண்டாம் என்றது. தம்பி வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் பன்றி தெரீன் வருகிறது!

காட்டில் விட்டுவந்த குடலைத் தின்னும் பறவைகளின் கதை வேறு. கலிபோர்னியாவின் கோண்டோர் கழுகு 1987-ல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. வளர்த்துத் திரும்ப விட்டபின்னும் ஈயம்தான் அதற்கு எமன். 2019 ஜூலையிலிருந்து அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயம் கூடாது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைபிள் குண்டுக்கும் தடை போட்டது. மாட்டுக்குப் போட்ட வலி மருந்தால் நம் பிணந்தின்னிக் கழுகுகளைப் பறிகொடுத்த நமக்கு இதைத் தனியாக விளக்கவேண்டுமா?

"அண்ணே, இன்னும் இரண்டு பெட்டி ஈயம் மிச்சம் இருக்கு, தீர்ந்ததும் மாறிடறேன்" என்கிறான். அந்த இரண்டு பெட்டியையும் அட்டையில் சுட்டுத் தீர்க்கட்டும்.