பெருமுக்கல் குன்றும் பிசின் மணிகளும்

திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் குன்றின் பாறைக் கீறல் ஓவியங்களையும் மலைமேற் சிவாலயத்தையும் நினைக்குந்தோறும், இத்தகைய புராதனச் சின்னங்களின் உதிரும் வர்ணத்தையும் உடைந்த துண்டங்களையும் இறுக்கிப் பிடிக்க ரசாயன நிபுணர் கையாளும் பாரலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசினைப் பத்திரப்படுத்துவதிலும் நாம் சிரத்தை கொள்ள வேண்டுமென்றே தோன்றுகிறது. கற்கண்டுத் துணுக்கு போன்ற அப்பிசின் மணிகள் பார்வைக்குச் சாதுவானவை. ஆயினும் சுமார் 40 டிகிரி செல்சியஸில் இளகும் சுபாவமுடையவையாதலால், கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையில் அடுக்கிய மூட்டை ஒரே கட்டியாய் ஒட்டிக்கொள்ளும். அதனினும் பெரிய அபாயம், மணிகளைப் பிளாஸ்டிக் பையிலிருந்து, அவற்றைக் கரைக்கும் அசிட்டோனில் மடமடவென்று கொட்டுகையில் எழும் நிலைமின்சாரப் பொறி ஆவியைப் பற்றவைத்துவிடக்கூடும் என்பதே. ஈரமும் நெருப்பும் அண்டாத குளிர்ந்த அறையில் வைத்து, தூசி பறக்காமல், பூமியோடு கம்பியால் இணைத்த உலோகக் கலத்தில் சிறிது சிறிதாகக் கரைப்பதையே நான் வற்புறுத்துவேன்.