அடுக்கறிந்து வரைக



கணினியில் படம் வரைவது இன்று நம் பிள்ளைகள் பலருக்குச் சோறு போடும் தொழிலாகிவிட்டது. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு கட்டட வரைவாளர் பயிற்சி பெறுவோரும், அச்சகத்தில் அழைப்பிதழ் அமைப்போரும், ஒப்பந்தக்காரரிடம் வரைபட வேலை பார்ப்போரும் நம் குடும்பங்களில் உளர். அவர்களுக்கு மட்டுமன்றி, ஒரு கோடும் வரைந்தறியாத பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று அத்தொழிலில் உண்டு. அதுவே அடுக்கு, பிள்ளைகள் 'லேயர்' என்று சொல்வது.

கணினி வருவதற்கு முன்னும் இம்முறை வழக்கில் இருந்தது. அடியில் உள்ளது மேலே தெரியும் டிரேசிங் தாளில் ஒருவர் சுவர்களை வரைவார். அதன்மேல் மற்றொரு தாளை விரித்துத் தண்ணீர்க் குழாய்களை வரைவார். மூன்றாவது தாள் மின்கம்பிகளுக்கு. மூன்றும் சேர்ந்தால் முழுப்படம். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை கெடாமல் நிற்கும். கணினியில் உள்ள அடுக்கும் இத்தாளைப் போன்றதே. அதில் வரையப்படும் கோடு, கட்டம், வட்டம், எழுத்து ஆகிய ஒவ்வொன்றையும் 'பொருள்' என்கிறோம்.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனின், ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. தாளில் அது எவ்விடத்தில் இருக்கிறது என்பது ஒன்று. எந்த அடுக்கில் இருக்கிறது என்பது மற்றொன்று. இரயிலில் செல்பவருக்கு இருக்கை எண் மட்டும் போதுமா? இருபத்துமூன்றாம் எண் எஸ்-4 பெட்டியிலும் உண்டு, எஸ்-5 பெட்டியிலும் உண்டு. பெட்டியை அறியாமல் இருக்கையைத் தேடுவோர் நடுவழியில் எழுப்பப்படுவர். வரைபடத்தில் நேரும் குழப்பமும் இத்தகையதே. கண்ணுக்குத் தெரிவது முதல் முகவரி மட்டுமே. இரண்டாவதை நாமே கேட்டு அறிய வேண்டும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் தாராவியை எண்ணிப் பார்க்கட்டும். மறுசீரமைப்புக்காக அங்கே 2024 மார்ச்சில் வீடுவீடான அளவெடுப்புத் தொடங்கியது. வானில் பறக்கும் டிரோன்களும், ஒளிக்கதிரால் தூரத்தை அளக்கும் கருவிகளும் பயன்படுத்தப்பட்டன. அத்திட்டத்தின் விதிப்படி, 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்ந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு கிடைக்கும். மேல்தளத்தில் இருப்பவரோ, 2022 நவம்பர் 15 வரை குடியிருந்தமைக்குச் சான்று காட்டினால், தாராவிக்கு வெளியே வாடகை செலுத்திப் பின் உரிமையாக்கிக்கொள்ளும் முறையில் வீடு பெறலாம். ஆக, ஒரு குடும்பம் எந்தத் தளத்தில் வாழ்கிறது என்பதைப் பொறுத்து அதன் எதிர்காலமே மாறுகிறது.

இப்போது ஒரு சிறு படத்தை மனத்தில் வரைந்து பாருங்கள். பத்தடிக்குப் பதினைந்தடி அறை ஒன்று. அதன்மேல் அதே அளவில் மற்றோர் அறை. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். மேலிருந்து நோக்கும் படத்தில் இரண்டு கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி ஒரே கட்டமாகத் தோன்றும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது அடுக்கு ஒன்றே. மேல் அறையைத் தவறுதலாகத் தரைத்தள அடுக்கில் வரைந்துவிட்டால், மேல்தளத்தில் ஒரு வீடு குறையும். தரைத்தளத்தில் ஒன்று கூடும். படமோ பார்வைக்கு முன்போலவே இருக்கும்! இத்தகைய பிழை நேராமல் காப்பதே வரைவாளரின் கடமை.

அதற்கான வழிகளை இனிக் காண்போம். இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது; 2003 முதல் வழங்கி வருவது. வீட்டிலேயே பழகுவதற்கு ஏற்றதாதலின் அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, வரையத் தொடங்குமுன் அடுக்குகளுக்குப் பெயரிடுக. 'அடுக்கு 1', 'அடுக்கு 2' என்று விட்டுவைப்பது, பெயரெழுதாத டப்பாக்களில் உப்பையும் சர்க்கரையையும் கொட்டி வைப்பது போன்றது. 'தரைத்தளம்', 'மேல்தளம்', 'அளவுகள்' எனப் பெயர் விளங்க இருக்கட்டும்.

இரண்டாவது, கோடு போடுமுன் எந்த அடுக்கு நடப்பில் இருக்கிறது என்று பார்க்கவும். புதிதாக வரைவது யாவும் நடப்பு அடுக்கிலேயே சென்று சேரும். வெட்டி ஒட்டும்போதும் பொதுவாக அவ்வாறே. பொருள் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதைக் கணினி தானாக எண்ணிப் பார்க்கும் என்று நம்பியிருக்கலாகாது.

மூன்றாவது, தவறான அடுக்கில் விழுந்த பொருளை அழித்து மீண்டும் வரையத் தேவையில்லை. அதைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட் விசையுடன் பேஜ்அப் விசையை அழுத்தினால் மேல் அடுக்குக்குச் செல்லும். பேஜ்டவுன் அழுத்தினால் கீழ் அடுக்குக்கு இறங்கும். தாளில் அதன் இடம் மயிரிழையும் மாறாது. ஷிப்ட் இல்லாமல் பேஜ்அப் மட்டும் அழுத்தினாலோ, பொருள் தன் அடுக்குக்குள்ளேயேதான் ஒரு படி உயரும். இவ்விரண்டும் வேறென்பதை அறியாமல் மயங்குவோர் பலர். கட்டட வரைவாளர்கள் பெரிதும் கையாளும் ஆட்டோகேட் மென்பொருளில், பொருளைத் தேர்ந்தெடுத்தபின் அடுக்குப் பட்டியலில் வேண்டிய பெயரைச் சொடுக்கினால் அது இடம்பெயராமல் அடுக்கு மாறும்.

நான்காவது, முடிந்த அடுக்கைப் பூட்டுக. பூட்டுக் குறியைச் சொடுக்கிவிட்டால் அதிலுள்ள பொருள் கை தவறியும் நகராது. மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. கண் குறியைச் சொடுக்கி மறைத்த அடுக்கு கண்ணுக்குத் தெரியாது, அச்சிலும் வராது, ஆயினும் கோப்பினுள் அது இருந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாவது, பெரிதும் ஏமாற்றக்கூடியது ஒன்று உண்டு. வெவ்வேறு அடுக்குகளில் உள்ள பொருள்களைத் தேர்ந்தெடுத்து ஒரே குழுவாகக் கட்டினால், அவையெல்லாம் மேலே உள்ள பொருளின் அடுக்கிற்கே போய்ச் சேர்ந்துவிடும். பின்னர்க் குழுவைப் பிரித்தாலும் பழைய அடுக்குக்குத் தாமாகத் திரும்பா. ஆகவே அடுக்குகளைக் கடந்து குழு கட்டாதிருப்பதே நலம். அவ்வாறே, ஓர் அடுக்கை நீக்கினால் அதிலுள்ள பொருள்கள் அனைத்தும் உடன் நீங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்தல் நன்று. எல்லா அடுக்குகளையும் மறைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து அதிலுள்ள வீடுகளை எண்ணுக. அவ்வெண்ணிக்கை கையில் உள்ள பட்டியலோடு ஒத்துவந்தால்தான் படம் முடிந்தது எனலாம். கால்மணி நேரத்து வேலைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு அலைச்சலை அது தவிர்க்கும்.

வரைவோருக்கு இவ்வளவு. படத்தைப் பார்ப்போருக்கும் ஒரு சொல் உண்டு. தாராவியில் மட்டுமன்று, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்பும்போது, குடியிருப்போர்முன் வரைபடம் விரிக்கப்படுகிறது. அறை விசாலமாகத் தெரியும். கட்டிலும் அலமாரியும் அழகாக அமைந்திருக்கும். தூண்களுக்கும் குழாய்களுக்கும் உரிய அடுக்கு மறைக்கப்பட்டிருந்தால், அறையின் மூலையை அடைத்து நிற்கப்போகும் தூண் அப்படத்தில் இராது. வரைந்தவர் பொய் சொன்னார் என்பதற்கில்லை. முழுவதையும் காட்டவில்லை, அவ்வளவே.

ஆதலின் படத்தைக் கண்டதும் மகிழ்ந்து கையொப்பமிடாமல் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இப்படத்தில் எத்தனை அடுக்குகள் உள? அவை யாவும் திறந்திருக்கின்றனவா? என் வீடு எந்த அடுக்கில் குறிக்கப்பட்டுள்ளது? இவற்றைக் கேட்பதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. கூச்சம் இல்லாதிருந்தால் போதும். வரையத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவனையோ அவளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். ஊரை விட்டு வந்து, வியர்வை சிந்தி, ஓர் அறையைத் தேடிக்கொண்டவர்கள் நாம். அந்த அறை காகிதத்திலும் உரிய தளத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் நம்முடையதே.