ஒட்டியவன் பெயர் இருக்கிறது. உழைத்தவன் பெயர் எங்கே?

சிட்லபாக்கத்தில் சென்ற மாதம் நடந்த கிளைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வாலிபத் தோழர் ஒருவர் எழுந்து சொன்னார்: "தோழர், சே குவேரா, பகத் சிங் படம் போட்டு ஆயிரம் ஸ்டிக்கர் அச்சடிப்போம். எங்கள் ஆபீசில் லேப்டாப் மூடியில் ஏதாவது ஒட்டாத ஆளே கிடையாது. நம்முடையதையும் ஒட்டட்டும். நிதியும் சேரும், பிரசாரமும் நடக்கும்."

நான் எதிர்த்துப் பேசினேன். கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டீர்கள் என்று பிறகு மற்றத் தோழர்கள் சொன்னார்கள். இருக்கட்டும். அங்கே பேசியதையும், பேசாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

மில்லிலும் வயலிலும் பாடுபடும் தோழர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சானடோரியம் ஸ்டேஷனில் காலையில் நின்று பாருங்கள். தோளில் பையோடு வரும் வாலிபர்களும் யுவதிகளும் ரயிலில் இடம் கிடைத்ததும் மடியில் லேப்டாப்பை விரிப்பார்கள். மூடி முழுக்க வண்ண வண்ண ஒட்டுகள். கொஞ்சம் பூனைப் படம், சினிமாப் படம். மீதி எல்லாம் கம்பெனி முத்திரைகள். மாநாடு, கருத்தரங்கு என்று போகுமிடமெல்லாம் கம்பெனிக்காரன் இந்த ஒட்டுகளைக் கைநிறைய இனாமாகக் கொடுக்கிறான். இவர்கள் பத்திரமாகக் கொண்டுவந்து ஒட்டிக்கொள்கிறார்கள். யாரிடம் அதிகம் இருக்கிறது என்று போட்டி வேறு! "இது எங்கள் தனித்தன்மை" என்கிறார்கள்.

தனித்தன்மையாம்! சுவரில் விளம்பரம் எழுத வேண்டுமானால் சுவர்க்காரனுக்கு வாடகை கொடுக்க வேண்டும். பஸ்ஸில் எழுதினால் பஸ் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு வாலிபனின் மடியில் எழுத மட்டும் காலணா செலவில்லை. முதலாளியோ முதலாளியிடம் கணக்குப் பார்த்துத்தான் ஒட்டுகிறான். விசைப்பலகையின் மூலையில் "இன்டெல் இன்சைடு" என்று ஒரு சிறு ஒட்டு இருக்குமே, அந்த ஏற்பாடு 1991-இல் ஆரம்பித்தது. அந்தச் சின்னத்தைப் போடும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் கொடுத்தது. அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல். நம் பிள்ளைக்கு வெறும் பசை!

இது புதிய தந்திரம் என்று நினைக்க வேண்டாம். மில் தோழர்களுக்கு இது பாட்டன் காலத்துச் சங்கதி. மான்செஸ்டர் துணியை வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்து கொட்டினான் அல்லவா? அந்தத் துணிக்கட்டின் மேல் லட்சுமி, கிருஷ்ணன், ராஜா, யானை என்று பளபளக்கும் படத்தாள்களை ஒட்டி அனுப்பினான். நம் நெசவாளியின் வயிற்றில் அடித்த துணிக்கு நம் சாமியே முகவரிச் சீட்டு! துணியை நெய்த லங்காஷயர் தொழிலாளியின் பெயர் அதில் இருந்ததா? பருத்தி பறித்த கூலிப் பெண்ணின் பெயர் இருந்ததா? வியாபாரியின் பெயர் மட்டும் தங்க எழுத்தில் மின்னியது.

வியாபாரி செய்ததைச் சர்க்கார்களும் கற்றுக்கொண்டன. 2011 செப்டம்பர் 15-இல் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் இலவச லேப்டாப் திட்டத்தை ஜெயலலிதா துவக்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 912 கோடி ரூபாய், 9 லட்சத்து 12 ஆயிரம் மாணவர்களுக்கு. திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தது நல்ல காரியம்தான். அது தொடர வேண்டும் என்று நம் மாணவர்களே போராடியிருக்கிறார்கள். ஆனால் மூடியில் யார் முகம்? முதலமைச்சர் முகம்! 912 கோடியும் அவர் புடவை முடிச்சிலிருந்து வந்ததா? சோப்பு வாங்கியவனும், பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவனும் கட்டிய வரி. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதை!

நெய்யாவது போகட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தை நாங்கள் மறக்கவில்லை. டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரில், வரதராஜபுரத்தில் அடையாற்று வெள்ளம் வீடுகளை முழுக்கியது. சிட்லபாக்கம் ஏரி ததும்பித் தெருவெல்லாம் தண்ணீர். எங்கெங்கிருந்தோ முகம் தெரியாத ஜனங்கள் பாய், பால் பவுடர், பிஸ்கட், போர்வை என்று லாரி லாரியாக அனுப்பினார்கள். அந்த லாரிகளை வழியில் மறித்து, அம்மா படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினால்தான் உள்ளே விடுவோம் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் நின்ற சேதி பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறவன்கூடப் பிள்ளையாருக்காக உடைக்கிறான். இவர்கள் பசித்தவனின் ரொட்டியைத் தடுத்து நிறுத்திப் பசை தடவினார்கள். இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தலையில் தூக்கிவந்த ஒரு தாய், கையில் கொடுத்த பால் பவுடர்ப் பொட்டலத்தில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அண்ணே, இவங்க எப்போ வந்தாங்க?" பத்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தில்லிக்காரர்கள் இதில் சளைத்தவர்களா? 2021-இல் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழில் மோடி படம். 2022 செப்டம்பரில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் தெலங்கானாவில் ஒரு ரேஷன் கடைக்குப் போய், பிரதமர் படம் ஏன் இல்லை என்று கலெக்டரை ஜனங்கள் முன்னிலையில் நிறுத்திக் கேட்டார். அரிசி புழுத்திருக்கிறதா, எடை சரியா என்பதெல்லாம் அந்த அம்மையாருக்கு அப்புறம்! கேரளத்தில் ஏழைகளுக்குக் கட்டிய வீடுகளில் மத்தியத் திட்டத்தின் முத்திரையைப் பதிக்க வேண்டும் என்றார்கள். "வீடு பெற்றவன் பிச்சைக்காரன் அல்ல, அவன் சுவரில் தான முத்திரை குத்த மாட்டோம்" என்ற நிலையை அங்கிருந்த இடது முன்னணி சர்க்கார் எடுத்தது. பணத்தை நிறுத்தினார்கள். அதற்கும் அது பணியவில்லை.

தி.மு.க.வைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கூட்டணிக்காகக் கண்ணை மூடிக்கொண்டான் என்பீர்கள். 2021-இல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஜெயலலிதா, பழனிசாமி படங்கள் அச்சிட்ட பள்ளிப் பைகள் மீதமிருந்தன; அவற்றைத் தூக்கிப்போடாமல் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் ஸ்டாலின். சுமார் 13 கோடி ரூபாய் மிச்சம். பாராட்டினோம். அதே சர்க்கார் 2025-இல் "உங்களுடன் ஸ்டாலின்" என்று முகாமுக்கே முதலமைச்சர் பெயரை வைத்தது. உயர்நீதிமன்றம் தடுத்தது, உச்சநீதிமன்றம் அனுமதித்தது. கோர்ட் அனுமதிக்கலாம். தாலுகா ஆபீசில் ஜனங்கள் பட்டா கேட்பது ஒருவர் கருணையால் நடக்கும் காரியமா என்ற எங்கள் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

இப்போது நாணயத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். தன் பெயரை ஊரெல்லாம் ஒட்டுகிற முதலாளி, தொழிலாளி அந்தப் பெயரைத் தொட்டால் என்ன செய்கிறான்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். "சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்" என்று பெயரிட்டார்கள். கூடாது என்றது கம்பெனி! அது எங்கள் வியாபார முத்திரை, சங்கத்துக்கு வைக்கக் கூடாது என்று ஆட்சேபம் கிளப்பியது. தோழர்களே, நன்றாக யோசித்துப் பாருங்கள். டெலிவிஷனில் அந்தப் பெயர், குளிர்பெட்டியில் அந்தப் பெயர், துணி துவைக்கும் மெஷினில் அந்தப் பெயர். நாள் முழுக்க அதைப் பொருளில் பதிப்பது யார் கை? அந்தக் கைக்கு அதை ஒரு சங்கப் பலகையில் எழுத உரிமை இல்லையாம்! 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம். போலீஸ் பந்தலைப் பிரித்தது, கைது செய்தது. சங்கம் உயர்நீதிமன்றப் படியும் ஏறியது. 2025 ஜனவரியில் அதே பெயரில் சங்கம் பதிவாயிற்று. அந்தப் பதிவுச் சான்றிதழ்தான் நான் பார்த்ததிலேயே அழகான ஒட்டு.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கீழத் தஞ்சையில் செங்கொடியை இறக்கு, எங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கக் கொடியை ஏற்று என்றுதானே மிராசுதார்கள் மிரட்டினார்கள்? இறக்க மறுத்து, கூலி உயர்வும் கேட்ட வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். ஒரு சின்னத்தைத் தாங்குவது என்றால் அந்த விலை. லேப்டாப் மூடியில் சே குவேரா படத்தை ஒட்டிவிட்டு, பக்கத்து மேஜைக்காரனை வேலையைவிட்டு அனுப்பும்போது தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்தால், அந்தப் படத்துக்கும் பூனைப் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

இதைத்தான் கூட்டத்தில் கேட்டேன். வாலிபத் தோழர் முகம் வாடிவிட்டது. ஆனால் அவர் சும்மா உட்காரவில்லை, பதில் சொன்னார். "தோழர், நான் படித்தது சர்க்கார் லேப்டாப்பில். மூடியில் இருந்த முகத்தின் மேல் முதலில் ஒட்டியது பகத் சிங் படம்தான். அம்மா கூலி வேலைக்குப் போகிறாள். அவள் வரியும் இதில் இருக்கிறது, யாரோ கொடுத்த தானம் என்று எவனும் சொல்லக் கூடாது என்று ஒட்டினேன்." எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஒட்டுவதில் இப்படியும் ஒன்று உண்டு என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. அவரிடம் நான் பேசிய தோரணை தவறு. யோசனையைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை.

அப்போது ஒரு பெண் தோழர் குறுக்கிட்டார். எலக்ட்ரானிக் சாமான் செய்யும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. "எங்களிடம் லேப்டாப் கிடையாது. செல்போனைக்கூட வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே போவது சோற்று டப்பா ஒன்றுதான். பகத் சிங் படம் இருக்கட்டும். புதுச் சட்டத்தில் எங்களுக்கு என்ன மிச்சம் என்று அதில் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

நியாயமான கேள்வி. 2025 நவம்பர் 21 முதல் தில்லி சர்க்கார் நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலாக்கியது. எந்தத் தொழிற்சாலையிலும் 14 நாள் முன்னறிவிப்பில்லாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்கிறது அதில் ஒன்று. முதலாளி வேலையை நிறுத்துவதற்குள் தொழிலாளி என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்பது வாசலில் நிற்கும் பெண்ணுக்குத் தெரியாது.

ஆகவே கிளை இப்படி முடிவு செய்தது: ஆயிரம் ஒட்டுகள் அச்சடிப்பது; ஒரு பக்கம் பகத் சிங் படம், பக்கத்தில் நான்கு வரிச் சட்ட விவரம், கீழே சங்க ஆபீஸ் டெலிபோன் எண். டப்பா மூடி அளவுக்கு வெட்டுவது. வாசகத்தை எழுதும் வேலை வாலிபத் தோழருக்கும் அந்தப் பெண் தோழருக்கும். நான் எழுதினால் நீண்டுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அச்சுக் கூலியில் பாதி வசூலாகிவிட்டது. மீதிக்கு உண்டியல் போகிறது. சனிக்கிழமை மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் நிற்போம்.