கோவை எங்கே முடியுது? மெட்ரோ முதல் மாஸ்டர் பிளான் வரை... மூணு கணக்கு, ஒரே ஊர்!

கோவைக்கு 2025 நவம்பர் ரொம்ப பிஸியான மாதம். 14-ம் தேதி தொடங்கிய ‘கோயம்புத்தூர் விழா’ 24 வரை நடந்தது. டபுள் டெக்கர் பஸ், ஆர்ட் ஸ்ட்ரீட் என்று ஊரே வெளியே வந்தது. நடுவில் 19-ம் தேதி கொடிசியாவில் இயற்கை விவசாய மாநாட்டுக்காகப் பிரதமர் வந்தார். 25-ம் தேதி முதல்வர் வந்தார். காந்திபுரத்தில் பழைய சிறை வளாகத்தில் 45 ஏக்கரில் அமைந்த செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அதே நாளில் முதலீட்டாளர் மாநாட்டில் 158 ஒப்பந்தங்கள், ரூ.43,844 கோடி, ஒரு லட்சம் பேருக்கு வேலை என்று அறிவிப்பு வந்தது.

இதற்கிடையேதான் கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பிய செய்தியும் வெளியானது. அரசியல் சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். அந்தத் திருப்பி அனுப்பலுக்குப் பின்னால் ஒரு எளிமையான கேள்வி இருக்கு: கோவைன்னா எது?

மெட்ரோ ஏன் நின்னது?

2017-ம் ஆண்டு மெட்ரோ கொள்கைப்படி, 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் மெட்ரோ. மத்திய அரசு எடுத்துக்கொண்டது 2011 சென்சஸ்படி மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கை. அது சுமார் 15.8 லட்சம். ‘உள்ளூர்த் திட்டப் பகுதியைச் சேர்த்துப் பாருங்க, 2011-லேயே 20 லட்சத்தைத் தாண்டியாச்சு’ என்பது மாநில அரசின் வாதம். அந்த வரம்பை எட்டாத ஆக்ராவுக்கும் போபாலுக்கும் மெட்ரோ கிடைத்தது எப்படி என்ற கேள்வியும் எழுந்தது. அது நியாயமான கேள்விதான்.

இன்னொரு விஷயம். 2021-ல் நடக்க வேண்டிய சென்சஸ் நடக்கவே இல்லை. பதினான்கு வருஷத்துக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்துத்தான் ரூ.10,740 கோடி திட்டத்தின் தலையெழுத்து பேசப்படுது.

257-ஆ, 1,531-ஆ?

கோவை மாநகராட்சியின் பரப்பு சுமார் 257 சதுர கி.மீ. ஆனால் ‘கோவை மாஸ்டர் பிளான் 2041’ பேசும் பரப்பு சுமார் 1,531 சதுர கி.மீ. கிட்டத்தட்ட ஆறு மடங்கு! 1994-ல் வந்த பழைய பிளானுக்குப் பதிலாக இது வந்திருக்கு. வரைவு 2024 தொடக்கத்தில் வெளியாகி, மக்களிடம் கருத்து கேட்கப்பட்டு, 2025-ல் இறுதியானது. எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம், எந்த ரோடு எத்தனை அடி அகலமாகும் என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும்.

அதாவது, வளர்ச்சித் திட்டம் போடும்போது கோவை பெருசு. மெட்ரோ கேட்கும்போது சின்னது.

உதாரணத்துக்கு நீலம்பூர். உக்கடத்தில் கிளம்பும் மெட்ரோ வழித்தடம் முடிவதாகத் திட்டமிட்ட இடம் அதுதான். அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த 10 கி.மீ. ஜி.டி.நாயுடு மேம்பாலத்தில் ஏறினால் கோல்ட்வின்ஸில் இறங்கி, கொஞ்ச தூரத்தில் ஊர் வந்துவிடும். ஆனால் காகிதத்தில் நீலம்பூர் இன்னும் ஒரு கிராம ஊராட்சி.

ஊராட்சியில யாரு பதில் சொல்வாங்க?

முக்கியமான சிக்கல் இங்கேதான். மாநகராட்சிக்குள் இருப்பவருக்கு வார்டு கவுன்சிலர் இருக்கார். 2022 பிப்ரவரியில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். 100 வார்டுக்கு 100 பேர். சாக்கடை அடைச்சா கூப்பிட ஒரு நம்பராவது இருக்கும்.

ஊராட்சிகளில் அதுவும் இல்லை. கோவை உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்க்கிறாங்க. தலைவரும் இல்லை, வார்டு மெம்பரும் இல்லை. மாஸ்டர் பிளான் இறுதியானதும், முதலீட்டு ஒப்பந்தங்கள் போட்டதும் இந்த இடைவெளியில்தான்.

சுற்றியுள்ள சில உள்ளாட்சிகளை மாநகராட்சியோடு இணைக்கும் அறிவிப்பும் 2025 தொடக்கத்தில் வந்தது. இணைத்தால் சொத்து வரி ஏறுமோ என்ற பயம் வீடு வைத்திருப்பவருக்கு. ஊரக வேலைத் திட்டம் போயிடும் என்ற கவலை கூலிக்குப் போகும் அம்மாக்களுக்கு, ஏன்னா அந்தத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான். இணைத்தால் மெட்ரோ கணக்குக்குத் தலை கூடும் என்பதும் உண்மை. ஆனால் அந்த லாபமும் இந்த நஷ்டமும் ஒரே ஆள் கணக்கில் விழாது.

அந்த ஒரு லட்சம் வேலை?

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது விருப்பம் தெரிவிக்கும் கடிதம் மாதிரி. நிலம், கரன்ட், அனுமதி எல்லாம் கைக்கு வந்து, ஆலை எழும்பிய பிறகுதான் வேலை. இதில் எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று வருஷா வருஷம் வெளியிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து ஊரை வளர்த்த சின்னப் பட்டறைகளுக்கு இதில் எவ்வளவு ஆர்டர் வரும் என்பதையும் அப்போதுதான் பார்க்க முடியும்.

அடுத்து என்னென்ன வருது?

டிசம்பரில் கோவை மாரத்தான். பொங்கல். மாசியில் கோனியம்மன் தேர், ராஜ வீதி தேர்நிலைத் திடலில் நிற்க இடம் கிடைக்காது. இதுக்கெல்லாம் யாரும் அழைப்பு வைக்க வேண்டியதில்லை.

கூட்டம் சேராத இரண்டு நிகழ்ச்சிகளும் இருக்கு. ஒன்று, மாநகராட்சி வார்டுகளில் நடக்கும் ஏரியா சபை. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-ல் தொடங்கியது. தெருவிளக்கு முதல் குடிநீர் வரை கவுன்சிலர் முன்னாடியே பேசலாம். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இன்னொன்று, ஜனவரி 26 கிராம சபை. தலைவர் இல்லாவிட்டாலும் தனி அலுவலர் நடத்தியாக வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் யாரும் போகலாம், தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம். மாஸ்டர் பிளானையே மாற்றும் அதிகாரம் அந்தச் சபைக்குக் கிடையாது. ஆனால் இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்று ஊர் என்ன நினைக்குது என்பதைப் பதிவு செய்ய, உள்ளாட்சித் தேர்தல் வரும்வரை நீலம்பூர்க்காரருக்கு இருக்கிற இடம் அதுதான். போவதற்கு முன்னால் ஒரு வேலை: உங்க சர்வே நம்பர் புது பிளானில் எந்த வகை நிலமாகக் காட்டப்பட்டிருக்கு என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்க.