பெயரில் தினக்கூலி, வேலையில் குமாஸ்தா

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகள், பி.காம். படித்தவர், உயர்கல்வி நிலையம் ஒன்றின் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறார். விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறார், மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுகிறார், பெயரில் எழுத்துப் பிழை என்று வந்து நிற்கும் மாணவனுக்காகக் கோப்பைத் தேடி எடுத்துத் திருத்தக் குறிப்பும் எழுதுகிறார். பக்கத்து மேஜையில் இருக்கும் இளநிலை உதவியாளர் செய்வதும் இதே வேலைதான். ஆனால் இவருடைய சம்பளம் அவருடையதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "நீங்கள் தினக்கூலி."

இதை அவர் நம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது தகப்பனார் குறுக்கிட்டார்: "முப்பது வருஷமா நானும் ஹெல்பருதான், தோழரே!"

அந்தப் பெரியவரை நாம் அறிவோம். தோலைக் கையால் அழுத்திப் பார்த்தே சுண்ணாம்பு போதுமா, போதாதா என்று சொல்லிவிடுவார். டிரம்மிலிருந்து எடுத்த தோலின் ஓரத்தை வெட்டிப் பார்த்து, மருந்து உள்ளே இறங்கிவிட்டதா என்று தீர்ப்புச் சொல்வார். மேலதிகாரியே அவரைக் கேட்டுத்தான் அடுத்த மருந்தைக் கொட்டச் சொல்வார். ஆனால் பதிவேட்டில் அவர் 'திறனற்ற' தொழிலாளி! திறனை எடை போடும் தராசு யார் கையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

தோல் தொழில் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம் பெற்றிருந்தது. இப்போது அந்தச் சட்டம் போய், 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதில் ஒரு நுட்பம் பாருங்கள். கூலி நிர்ணயிக்கும்போது திறனையோ வட்டாரத்தையோ இரண்டையுமோ சர்க்கார் கணக்கில் எடுத்தே தீர வேண்டும். வேலையின் கடுமையையும் ஆபத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 'வேண்டும்' எங்கே, 'லாம்' எங்கே! 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டார்கள். எந்த கிரேடும் அந்த ஆபத்துக்கு விலை வைக்கவில்லை.

தகப்பனார் கதை இது. மகள் கதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டு சர்க்காரின் 2017ஆம் ஆண்டு ஊதிய விதிகளில் 32 நிலைகள் உண்டு. அலுவலக உதவியாளர் முதல் நிலை. அடிப்படைச் சம்பளம் 15,700 ரூபாயில் தொடங்கும். இளநிலை உதவியாளர் எட்டாம் நிலை. 19,500 ரூபாயில் தொடங்கும். நிலைகள் வைப்பதை நாம் எதிர்க்கவில்லை. எழுதி வைத்த நிலை இல்லாவிட்டால் மேஸ்திரியின் தயவுதான் சம்பளம். அந்தக் காலத்தை நம் பெரியவர்கள் மறந்துவிடவில்லை. நமது சண்டை வேறு. 32 படிகள் கட்டிவிட்டு, தினக்கூலி என்றும் தொகுப்பூதியம் என்றும் ஒப்பந்தம் என்றும் பெயர் சூட்டி ஆட்களை வாசலிலேயே நிறுத்துகிறார்களே, அது என்ன நியாயம்? உள்ளே இருப்பவர்களுக்கும் பதவியின் பெயர்தான் அளவுகோல். தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது. வேலை இரண்டு மடங்கானது. படி அதே படி. ஆய்வுக்கூடத்தில் அமிலக் குப்பியைக் கழுவும் சிப்பந்தியின் கைக்கு என்ன மதிப்பு?

பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் 2004இல் தொழிற்சங்கங்களோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நூலகர், குமாஸ்தா, ஆசிரியர் என்று தனித்தனியே கிடந்த சம்பள விகிதங்களை 51 புள்ளிகள் கொண்ட ஒரே ஏணியில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வேலையையும் பிரித்துப் பார்த்து மதிப்பிடும் முறையும் வந்தது. அதைச் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அதிகாரம் செலுத்துவதற்கு நிறைய மார்க்கும், பொறுமைக்கும் அழுக்குக்கும் குறைந்த மார்க்கும் போட்டால் அந்த ஏணியும் பழைய ஏணிதான். ஆகவே மதிப்பிடும் மேஜையில் ஊழியரின் பிரதிநிதி உட்கார வேண்டும். தினக்கூலிகளின் பிரதிநிதியும் உட்கார வேண்டும். இதில் நிரந்தர ஊழியர் சங்கங்கள் சில காட்டும் தயக்கம் நமக்கு வருத்தம் தருகிறது. பக்கத்து மேஜையில் பாதிச் சம்பளத்துக்கு ஆள் இருக்கும்வரை, தன் நாற்காலி மட்டும் எப்படி உறுதியாக நிற்கும்?

சட்டம் நமக்குச் சாதகமாகவும் பேசியிருக்கிறது. 2016 அக்டோபர் 26 அன்று பஞ்சாப் வழக்கொன்றில், நிரந்தர ஊழியர் செய்யும் வேலையையே செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் சம்பள விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையைக் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் இரண்டும் ஒரே வேலை என்று நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவர் தலையில்தான். நிர்வாகத்தின் காகிதத்திலோ இவர் 'உதவிக்கு' வந்தவர்!

ஆகையால் அந்தப் பெண்ணுக்கு நாம் ஒன்று சொன்னோம். அன்றாடம் என்ன வேலை செய்தோம், எந்தக் கோப்பு, யார் கொடுத்த உத்தரவு என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். உடன் வேலை செய்யும் மற்ற தினக்கூலிகளையும் எழுதச் சொல்லுங்கள். அவர் ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்கிவிட்டார். முதல் வாரத்திலேயே பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. பெரியவருக்கும் ஒரு நோட்டு வேண்டுமாம்.